மூச்சு வாங்கும்போது கால் ஏன் தடுமாறுகிறது?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் சாரல் இறங்கிவிட்டால் முற்றத்துக் கல்லில் பாசி பிடிக்கும், துணி காயாது, இளைப்பு உள்ளவர்களுக்கு நெஞ்சு கட்டும். அந்த மாதங்களில் யாராவது பெரியவர் விழுந்துவிட்டார் என்றால் எல்லோரும் பாசியைத்தான் திட்டுவார்கள். பாசிக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே கல்லில் ஒருவர் வழுக்கியும் சுவரைப் பிடித்து நின்றுவிடுகிறார்; அதே வயதில் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள இன்னொருவர் விழுந்தேவிடுகிறார். அப்படியானால் காரணத்தைத் தரையில் மட்டும் தேடினால் போதாது.

சிஓபிடி என்று டாக்டர் சீட்டில் எழுதுகிறாரே, அந்த நோயில் மூச்சுக்குழாய்கள் குறுகி, நுரையீரலின் காற்றுப் பைகள் கெட்டு, உள்ளே போன காற்று முழுசாக வெளியே வர முடியாமல் தேங்கிவிடும். பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்குத்தான் இது வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆயுளில் ஒரு பீடி பிடிக்காத பெண்களுக்கும் வரும். வருஷக்கணக்கில் ஜன்னல் இல்லாத அடுக்களையில் விறகடுப்பு ஊதினால் போதும். பிரானூர் மர அறுவை மில்களில் இருப்பது போன்ற தூசியில் காலமெல்லாம் வேலை செய்வதும் நுரையீரலுக்கு நல்லதில்லை.

இந்த நோய் உள்ளவர்கள் தங்கள் வயதை ஒத்த மற்றவர்களைவிட அதிகம் விழுகிறார்கள் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனாலும் இளைப்புக்கு வைத்தியம் பார்க்கப் போகிற இடத்தில் "கீழே விழுந்தீர்களா?" என்று யாரும் கேட்பதில்லை. நோயாளியும் தானாகச் சொல்வதில்லை. கால் விஷயத்தை நெஞ்சு டாக்டரிடம் எதற்குச் சொல்வது என்ற நினைப்பு. இரண்டும் ஒரே விஷயம்தான்.

ஒரே தசை, இரண்டு வேலை

சும்மா நிற்பதற்கே உடம்பு நிறைய வேலை செய்கிறது. கண் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்கிறது, பாதமும் மூட்டும் தரை எப்படி இருக்கிறது என்று சொல்கின்றன. மூன்றையும் மூளை சேர்த்துப் பார்த்து, எந்தத் தசையை எவ்வளவு இறுக்குவது என்று முடிவு செய்கிறது. பரணில் இருக்கும் டப்பாவை எடுக்கக் கையைத் தூக்குகிறீர்கள். கை மேலே போவதற்கு ஒரு கணம் முன்பே வயிறும் முதுகும் இறுகிக்கொள்ளும். இல்லாவிட்டால் கை போன பக்கமே உடம்பும் போய்விடும்.

அப்படி இறுகுகிற தசைகளில் உதரவிதானமும் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே விரிந்திருக்கும் தசை) அடிவயிற்றுத் தசையும் முக்கியமானவை. சிக்கலும் அங்கேதான். மூச்சை இழுக்கவும் விடவும் உதவுகிற தசைகளும் அவையேதான்.

2001இல் ஆஸ்திரேலியாவின் பால் ஹாட்ஜஸும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமானவர்களைக் கையைத் திரும்பத் திரும்ப அசைக்கச் சொன்னார்கள். உடம்பு ஆடாமல் இருக்க உதரவிதானமும் அடிவயிற்றுத் தசையும் வேலை செய்வது கருவியில் தெரிந்தது. அப்புறம் ஒரு குழாய் வழியாக மூச்சு விட வைத்து, விட்ட காற்றிலேயே கொஞ்சத்தை மறுபடி இழுக்கும்படி செய்தார்கள். மூச்சு வாங்கத் தொடங்கியது. சுமார் 1 நிமிஷத்தில் அந்தத் தசைகள் உடம்பைப் பிடித்து நிறுத்தும் வேலை குறைந்துவிட்டது, அல்லது அறவே நின்றுவிட்டது. மூச்சு வேலை மட்டும் தொடர்ந்தது.

பார்டர் பரோட்டாக் கடையில் ஒரே ஆள் கல்லாவையும் பார்த்துக்கொண்டு இலையும் போடுகிறார் என்று வையுங்கள். கூட்டம் இல்லாதவரை இரண்டும் நடக்கும். குற்றாலச் சீசனில் இரண்டு வேன் வந்து நின்றால் ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். உடம்பு நிற்பதை விட்டுவிட்டு மூச்சைப் பார்க்கிறது. வேறு வழியும் அதற்கு இல்லை. நல்ல நுரையீரல் உள்ளவருக்கே குழாய் வைத்தால் இப்படி என்றால், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவருக்கு நாள் முழுக்க சீசன்தான்.

பீடி சுற்றிச் சுற்றி முதுகு வளைந்த ஓர் ஆச்சி வீட்டில் பயிற்சி சொல்லிக் கொடுக்கப் போனபோது, எப்போது தடுமாறுகிறது என்று கேட்டேன். "நடக்கையில ஒண்ணுமில்ல தம்பி. கொடியில துணி போடும்போதுதான் கிறுகிறுன்னு வருது" என்றார். போட்டுக் காட்டச் சொன்னேன். கொடி அவர் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் இருந்தது. ஈரச் சேலையோடு இரண்டு கையையும் தூக்கி, குதிகாலை எக்கி, தலையை அண்ணாந்து, மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றார். கை தோளுக்கு மேலே போனால், மூச்சுக்குத் துணை செய்கிற கழுத்து, தோள் தசைகள் கையைத் தாங்கப் போய்விடும். இளைப்பு உடனே கூடும். குதிகால் எக்கினால் பாதத்துக்குத் தரை குறையும். இத்தனையும் ஒரே நேரத்தில்.

"ஆச்சி, கொடியை நெஞ்சு உயரத்துக்கு இறக்கிக் கட்டினால் என்ன?"

"இறக்குனா சேலை தரையில பெரளும்லா."

நியாயம்தான். கடைசியில் சேலையை நாலாக மடித்துப் போடுவது, காய்ந்த பக்கத்தைத் திருப்பிப் போடும் வேலையைப் பேத்தி பார்த்துக்கொள்வது என்று முடிவானது. விழாமல் பார்த்துக்கொள்வது என்றால் பாதி இந்த மாதிரிப் பேச்சுவார்த்தைதான்.

காலும் எலும்பும் மாத்திரையும்

இளைப்பு வருகிறதே என்று நடையைக் குறைப்பார்கள். நடை குறைந்தால் தொடைத் தசை மெலியும். மெலிந்த தசை அதே தூரத்துக்கு அதிகம் உழைக்க வேண்டும், அதனால் இன்னும் சீக்கிரம் மூச்சு வாங்கும். இந்தச் சுற்று ஒருமுறை தொடங்கிவிட்டால் தானாக நிற்காது. தடுமாறும்போது சட்டென்று ஒரு காலை எடுத்து வைத்துத்தான் நாம் விழாமல் தப்பிக்கிறோம். அந்த ஓர் எட்டை எடுத்து வைக்கத் தொடையில் பலம் வேண்டும். நோய் முற்றி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்து எழுந்தவருக்கு அந்தப் பலம் இன்னும் குறைந்திருக்கும். வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

எலும்பு வேறு. புகை, நடமாட்டக் குறைவு, அடிக்கடி சாப்பிடுகிற ஸ்டீராய்டு மாத்திரை எல்லாம் சேர்ந்து எலும்பைப் பொறபொறவென்று ஆக்கிவிடும். மற்றவருக்குச் சிராய்ப்போடு போகிற விழுகை இவருக்கு இடுப்பு எலும்பு முறிவாகிவிடும். முதுகெலும்பு அமுங்கிக் கூன் விழுந்தால் நெஞ்சுக்கூடு குறுகி மூச்சும் குறையும்.

மெடிக்கல் ஷாப்பில் "இளைப்புக்கு ரெண்டு செட்டு குடுங்க" என்று வாங்கிப் போடுகிற பழக்கத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அந்தச் செட் மாத்திரையில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். போட்டதும் சொகமாகத்தான் இருக்கும். வருஷக்கணக்கில் போட்டால் தசையும் எலும்பும் கரையும். அதற்காக இன்றைக்கே நிறுத்திவிடவும் கூடாது. நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் தாங்காது. டாக்டரிடம் காட்டிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மூச்சுக்குழாயில் நேராகப் போகிற இன்ஹேலரை இதோடு சேர்த்துப் பயப்பட வேண்டாம். அதில் மருந்தின் அளவு மிகக் குறைவு.

தூக்க மாத்திரை, நீர் பிரிகிற மாத்திரை, பிரஷர் மாத்திரை ஆகியவையும் தடுமாற்றம் தரலாம். படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டுகிறது என்றால் உடனே நடக்காமல், கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு ஒரு நிமிஷம் உட்காருங்கள். இருமல் அடுக்கடுக்காக வந்து கண் இருண்டு விழுகிறவர்களும் உண்டு. இருமல் கிளம்புவது தெரிந்ததும் உட்கார்ந்துவிட வேண்டும். நின்றபடி இருமித் தீர்ப்பது வீரமில்லை.

எவ்வளவு ஆட்டம் என்று பார்ப்பது

வீட்டிலேயே பார்க்கலாம். பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும், கைக்கு எட்டும் தூரத்தில் மேடையோ ஜன்னல் கம்பியோ இருக்க வேண்டும். முதலில் இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து 10 வினாடி. அடுத்து ஒரு பாதத்தைப் பாதியளவு முன்னால் தள்ளி 10 வினாடி. மூன்றாவதாக ஒரு காலின் குதிகால் மறு காலின் விரல் நுனியைத் தொடுகிற மாதிரி நேர்கோட்டில் வைத்து 10 வினாடி. கடைசியாக ஒற்றைக் காலில். மூன்றாவது நிலையில் 10 வினாடி பிடிக்காமல் நிற்க முடியாவிட்டால் விழும் அபாயம் கூடுதல் என்று கணக்கு.

இன்னொன்று: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான நடையில் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். சிஓபிடி உள்ளவர் மூச்சுக்காக மெதுவாக நடந்திருக்கலாம், அதையும் மனதில் வையுங்கள். நேரத்தைவிட, திரும்பும் இடத்தில் எப்படித் திரும்புகிறார் என்று பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. பொடி எட்டாகப் பல அடி வைத்துத் திரும்புகிறவர், சுவரைத் தேடிக் கை நீட்டுகிறவர் இருவருக்கும் பயிற்சி தேவை.

பயிற்சி

நுரையீரல் நோயாளிக்கு நடைப்பயிற்சியும் மூச்சுப்பயிற்சியும் சொல்லிக் கொடுக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் நடந்தால் மட்டும் சமநிலை தானாக வந்துவிடாது. 2013இல் டொரன்டோவில் 36 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், வழக்கமான நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி எல்லோருக்கும் நடந்தது. ஒரு பிரிவினருக்கு மட்டும் வாரம் 3 முறை வீதம் 6 வாரம் சமநிலைப் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பிரிவினரின் சமநிலையும் நாற்காலியிலிருந்து எழுகிற பலமும் மற்றவர்களைவிட நன்றாகத் தேறின. விழமாட்டோம் என்ற தைரியத்தில் மட்டும் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கால் தேறுகிற வேகத்தில் மனசு தேறுவதில்லை போலும். பொதுவாக வயதானவர்களை எடுத்துக்கொண்டால், உடற்பயிற்சியால் விழுகை கிட்டத்தட்ட கால் பங்கு குறைகிறது என்று 2019இல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று சொல்கிறது.

தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சளி நிறம் மாறியிருக்கிற நாள், காய்ச்சல் நாள், வழக்கத்தைவிட இளைப்பு அதிகமான நாள் ஆகியவற்றில் பயிற்சி வேண்டாம். உடனடி நிவாரணத்துக்கு இன்ஹேலர் தந்திருந்து, பயிற்சிக்கு முன் எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் ஒரு 15 நிமிஷம் முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே செய்ய வேண்டாம். நிறைந்த வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும்.

முதல் பாடம் நாற்காலி. கை வைத்த, கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் கால் விரிந்து வழுக்கும், கவனம். நுனிக்கு நகர்ந்து, பாதத்தை முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்து, மூக்கால் மூச்சை இழுங்கள். உதட்டைக் குவித்து, சூடான காப்பியை ஊதுகிற அளவில் மெதுவாக விட்டுக்கொண்டே எழுங்கள். நின்று ஒரு மூச்சு. மறுபடி ஊதிக்கொண்டே உட்காருங்கள். எழும்போது தம் கட்டக் கூடாது. முக்கால்வாசிப் பேர் தம் கட்டித்தான் எழுகிறார்கள். எழுந்ததும் மூச்சு முட்டி, அந்த இடத்திலேயே ஆடுகிறார்கள். ஐந்து முறையில் தொடங்கலாம்.

அடுத்தது அடுக்களை மேடை. மேடையைப் பார்த்தபடி நின்று இரண்டு கையையும் அதன்மேல் வையுங்கள். குதிகாலை உயர்த்தி இறக்குவது, விரல்களை உயர்த்திக் குதிகாலில் நிற்பது, எடையை வலக்காலுக்கும் இடக்காலுக்கும் மாற்றுவது, மேடையோரமாகவே பக்கவாட்டில் நாலு எட்டுப் போய் வருவது. இவை சுலபமானதும், மேலே சொன்ன நாலு நிலைகளையும் இங்கேயே பழகலாம். முதலில் இரண்டு கை, அப்புறம் ஒரு கை, அப்புறம் ஒரு விரல், அப்புறம் கையை மேடைக்கு ஓர் அங்குலம் மேலே வைத்துக்கொண்டு. சமநிலை கொஞ்சம் ஆட வேண்டும், அப்போதுதான் மூளை கற்கும். ஆடாமல் அரை மணி நேரம் நிற்பதால் பயன் இல்லை. பிடித்துக்கொள்ள வழி இல்லாமல் ஆடுவதும் கூடாது.

அது பழகியபின் எட்டு எடுத்து வைக்கும் பயிற்சி. ஒரு காலை முன்னால் வைத்துத் திரும்ப இழுப்பது, பக்கத்தில் வைத்து இழுப்பது, பின்னால் வைத்து இழுப்பது. முதலில் நிதானமாக, பிறகு பக்கத்தில் நிற்பவர் "முன்னால", "பின்னால" என்று சொல்லச் சொல்லச் சட்டென்று. வழுக்கும்போது உதவப்போவது இதுதான்.

கடைசிப் படி, நடந்துகொண்டே வேறொன்றை யோசிப்பது. நிஜத்தில் நாம் காலையே நினைத்துக்கொண்டு நடப்பதில்லை. பால்காரர் கூப்பிடுவார், போன் அடிக்கும், குக்கர் விசில் போடும். ஆகவே வீட்டுக்குள் நடந்தபடி புனலூர் பஸ் நிற்கிற ஊர்களைச் சொல்லிப் பாருங்கள்: புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, இடமண், புனலூர். அது சுலபமாக வந்தால் புனலூரிலிருந்து தலைகீழாக. கழுதுருட்டியில் நடை நின்றுவிடும் பலருக்கு! சிரித்துக்கொண்டே மறுபடி தொடங்குவார்கள். ஆனால் பேச்சும் நடையும் சேர்ந்தால் மூச்சு சீக்கிரம் வாங்கும், ஒன்றிரண்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

எவ்வளவு இளைப்பு வரலாம்? மூச்சு கொஞ்சம் வாங்கினாலும் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடிந்தால் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை நிறுத்தினால் அளவு மீறியது. உட்கார்ந்து, முன்னால் குனிந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி, உதடு குவித்து ஊதுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் வைத்திருப்பவர்கள், டாக்டர் வேறு அளவு சொல்லாவிட்டால், அது 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் நிறுத்திவிடுங்கள். சாரல் குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் கருவி தப்பாகக் காட்டும்; கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். நெஞ்சுவலி, தலைச்சுற்றல் வந்தால் அன்றைக்கு அதோடு போதும்.

தனியாகத் தொடங்கப் பயமாக இருந்தால் ஆள் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலையில் இருக்கிற நம்மவர்கள் குடும்ப ஆரோக்கிய மையத்தில் ஷ்வாஸ் கிளினிக் பற்றி விசாரிக்கலாம். கேரள அரசு சிஓபிடி, ஆஸ்துமாவுக்கென்றே நடத்துகிற ஏற்பாடு அது.

வீட்டில் மாற்ற வேண்டியவை

பாசிக்கு பிளீச்சிங் பவுடரும் தென்னந்துடைப்பமும் போதும், ஆனால் அந்த வேலையை இளைப்புக்காரர் செய்யக் கூடாது. அந்த நெடி மூச்சை அடைத்துவிடும். வாசலில் கால் துடைக்கப் போடுகிற சாக்கை எடுத்துவிடுங்கள். சிமெண்டுத் தரையில் அது பாசியைவிட மோசம். அடி தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். கொல்லைப்புறத்தில் கக்கூஸ் இருக்கிற வீடுகளில் ராத்திரி வழியெல்லாம் வெளிச்சம் வேண்டும், அல்லது கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஏற்பாடு வேண்டும். குத்துக்காலிட்டு எழுவது இளைப்புக்காரருக்குப் பெரிய ஏற்றம். சுவரில் ஒரு கம்பி அடித்துக் கொடுத்தாலே பாதிப் பயம் போய்விடும். குளிக்க ஒரு முக்காலி.

வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு அதன் குழாயே காலை வாரும். நடக்கும்போது உபரிக் குழாயை வளையமாகச் சுருட்டி ஒரு கையில் பிடித்துக்கொள்ளப் பழகுங்கள். திரும்பும்போது குழாய் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். விறகடுப்பு, காஸ் அடுப்பு, சாமி விளக்கு எதன் பக்கத்திலும் ஆக்சிஜனோடு போகக் கூடாது என்பது தனி விஷயம், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

கம்பு பிடிக்க வெட்கப்படுகிறவர்கள் அதிகம். சக்கரம் வைத்த வாக்கரில் கையை ஊன்றி நடந்தால் சிஓபிடி உள்ளவருக்கு மூச்சு வாங்குவதும் குறைகிறது, ஏனென்றால் கையின் பாரம் நெஞ்சில் இறங்குவதில்லை. நம் தெருக்களுக்கு அது ஒத்துவராது, வீட்டுக்குள்ளும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் ஒத்துவரும்.

விழுந்துவிட்டால்

உடனே எழுப்பப் பாயாதீர்கள். விழுந்தவரும் எழப் பதற வேண்டாம். முதலில் மூச்சு ஒரு நிலைக்கு வரட்டும். இடுப்பில் கடுமையான வலி, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ கிடப்பது, தலையில் அடி இருந்தால் அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். அடி ஒன்றும் இல்லையென்றால் ஒருக்களித்து, கையை ஊன்றி, முட்டி போட்டு, கட்டிலோ நாற்காலியோ இருக்கும் இடத்துக்குத் தவழ்ந்து போய், அதைப் பிடித்து எழலாம். ஒவ்வொரு நிலையிலும் நாலைந்து மூச்சு நின்று போகலாம்.

அடிபடாவிட்டாலும், அடுத்த முறை நெஞ்சு டாக்டரைப் பார்க்கும்போது விழுந்ததைச் சொல்ல வேண்டும். எந்த நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மூச்சு வாங்கியதா தலை சுற்றியதா இருமல் வந்ததா, சமீபத்தில் புது மாத்திரை ஏதாவது தொடங்கினார்களா, தானாக எழ முடிந்ததா. போனதும் மறந்துபோகும், ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.